ராத்திரி வேலைக்குப் போகும் பிள்ளைகள்

அந்தப் பேய்க்கதையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது 60,000 பவுண்டு நஷ்டஈடு. லண்டனில் ஷீன் ரோட்டில் ஒரு வீட்டுக்குப் பேய் விரட்டப் போகிறார்கள் இரண்டு பிள்ளைகள். போன இடத்தில் மக்னீசியம் வெடியை வீசியதில் வீடு பற்றிக்கொள்கிறது. ஜன்னல் வழியாகக் குதித்து உயிர் தப்புகிறார்கள். இனி சாபம், பழி, பரிகாரம் என்று கதை போகும் என நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், வீடு எரிந்ததற்கு நஷ்டஈடு கேட்டு ஓலை வந்து நிற்கிறது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தப் பிள்ளைகள் நடத்தும் கம்பெனியை இழுத்து மூடவேண்டியதுதான். நான் ஒரு ஆபீசின் சம்பளப் பிரிவில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். பேயைவிட நோட்டீஸுக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். சரி, இது நமக்கான புத்தகம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜோனதன் ஸ்ட்ரவுட் எழுதிய ‘லாக்வுட் அண்ட் கோ’ வரிசை அது. 2013-இல் முதல் புத்தகம் வந்தது, 2017-இல் ஐந்தாவதோடு முடிந்தது. என் மகள் ஏழாம் வகுப்பு. தோழியிடம் இரவல் வாங்கிவந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போனேன். அப்புறம் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேரும் இழுபறி.

கதை நடப்பது இன்றைய லண்டன் மாதிரியே இருக்கும் வேறொரு லண்டன். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அந்த நாடு முழுக்கப் பேய்த் தொல்லை. இருட்டினால் வெளியே வரும். தொட்டால் உடம்பு நீலம் பாரித்து வீங்கிவிடும்; உடனே அட்ரினலின் ஊசி போடாவிட்டால் ஆள் காலி. அதனால் பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு மணி அடித்துவிடும். தெருவுக்குத் தெரு பேய் விளக்குகள், விட்டு விட்டு வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். வாசலில் லாவண்டர், நிலைப்படியில் இரும்பு. பெரியவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏனென்றால் பெரியவர்களுக்குப் பேய் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் வந்து நின்றால் ஒரு குளிர், ஒரு காரணமில்லாத கலக்கம், அவ்வளவுதான். பேயைத் தெளிவாகப் பார்க்கவும் கேட்கவும் முடிவது சின்னப் பிள்ளைகளுக்கு. அதுவும் எல்லாருக்கும் இல்லை, அந்த வரம் உள்ளவர்களுக்கு மட்டும். பதின்பருவம் முடியும்போது அது மங்கிப் போய்விடும்.

ஆகவே பேய் விரட்டும் வேலைக்குப் பிள்ளைகள்தான் போகவேண்டும். ஏஜென்சிகள் வேலைக்கு எடுக்கும். பெரியவர்கள் சூப்பர்வைசர்கள். அந்த நாட்டில் இதற்கென்றே ஒரு அரசுத் துறை உண்டு. லைசென்ஸ் உண்டு, கிரேடு உண்டு, பரீட்சை உண்டு. ஃபிட்டிஸ், ராட்வெல் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள். அவற்றுக்கு நடுவில், சூப்பர்வைசரே இல்லாமல், மூன்று பிள்ளைகள் தாங்களே நடத்தும் ஒரு துக்கடா கம்பெனி. முதலாளி ஆந்தணி லாக்வுட், பழைய ஆவணங்களைக் குடைந்து துப்புக் கண்டுபிடிக்கும் ஜார்ஜ் கப்பின்ஸ், கதை சொல்லும் லூசி கார்லைல்.

ஸ்ட்ரவுட்டிடம் எனக்குப் பிடித்தது அவர் இதை ஒரு தொழிலாகவே எழுதியிருக்கும் விதம். மந்திரம் இல்லை, தாயத்து இல்லை, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை’ இல்லை. இடுப்பில் மெல்லிய வாள். தோள்பையில் இரும்புச் சங்கிலி, இரும்புத்தூள், உப்பு வெடி, வெள்ளியால் பின்னிய வலை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அறை அறையாக வெப்பமானியை வைத்துக் குளிரை அளந்து குறித்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் சட்டென்று குளிர் இறங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் பேய் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் இருக்கிறது. எலும்பாக இருக்கலாம், ஒரு சங்கிலி லாக்கெட்டாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து வெள்ளிவலையால் மூடி, விடிந்ததும் கிளார்க்கன்வெல்லில் உள்ள உலைக்கு அனுப்பி எரித்துவிட வேண்டும். நடுவில் பிளாஸ்கில் டீ. வேலைக்குப் போகும் யாருக்கும் இந்த ஒழுங்கு புரியும். பேய் வரும் காட்சியைவிட, பேய்க்காக அந்தப் பிள்ளைகள் சமையலறையில் உட்கார்ந்து காத்திருக்கும் காட்சிகளில்தான் எனக்குப் படபடப்பு அதிகம்.

இரும்பும் உப்பும் பற்றிப் படித்தபோது என் மகளுக்கு ஒரே ஆச்சரியம், இதெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்று. ராத்திரி கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு ஊர் கடந்து போகும்போது அப்பத்தா தூக்குவாளியோடு ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் வைத்து அனுப்புவாள் என்று சொன்னேன். பிள்ளை பெற்ற வீட்டில் தலைமாட்டில் இரும்பு. கண்ணேறு பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில். “அப்பத்தா ஏஜெண்டா இருந்திருக்கலாம்” என்றாள். இருந்திருக்கலாம்தான். லைசென்ஸ் பரீட்சை எழுதச் சொன்னால் அப்பத்தா கைநாட்டு.

இப்போது லூசிக்கு வருகிறேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தவள் அவள்தான்.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்துப் பெண். ஏழு பெண்களில் கடைசி. அப்பா இல்லை, அம்மா சலவை வேலை. பேயின் குரல் கேட்கும் காது அவளுக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் எட்டு வயதில் உள்ளூர் ஏஜென்ட் ஜேக்கப்ஸ் என்பவரிடம் வேலைக்கு விடுகிறார்கள். அவள் கூடப் பிறந்தவர்களைவிட அதிகம் பழகியது அந்தக் கூட்டத்துப் பிள்ளைகளோடுதான். ஒரு ராத்திரி ஒரு பழைய ஆலைக்குப் போகிறார்கள். உள்ளே ஏதோ சரியில்லை என்று லூசியின் காதுக்குத் தெரிகிறது. பெரியவர் வெளியே பாதுகாப்பாக நின்றுகொண்டு, உள்ளே போங்கள் என்கிறார். போனவர்களில் அவள் ஒருத்திதான் உயிரோடு வருகிறாள். விசாரணை நடக்கிறது. பெரியவர் சொன்னதுதான் எடுபடுகிறது. லூசி பையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறிவிடுகிறாள்.

இவ்வளவும் முதல் புத்தகத்தில் சில பக்கங்கள்தான். ஸ்ட்ரவுட் அழுது வடிய மாட்டார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்த உலகத்தில் காது கூர்மையில்லாத, கண் பாதி தெரியும் பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. இரும்பு முனை வைத்த கம்பைக் கொடுத்து ஆலை வாசல்களிலும் தெருக்களிலும் ராக்காவலுக்கு நிறுத்திவிடுகிறார்கள். கதையின் ஓரங்களில் அந்தப் பிள்ளைகள் குளிரில் நின்றுகொண்டே இருப்பார்கள். யாரும் அவர்களைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேய் வந்தால் முதலில் சாவதும் அவர்கள்தான்.

நான் சாத்தூர்ப் பக்கம் பிறந்தவள். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் விடியுமுன்னே வேன் வரும். தீப்பெட்டி ஆபீசுக்கும் ஃபயர் ஆபீசுக்கும், அதாவது பட்டாசு ஆலைக்கும், ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வேன். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் அக்கா வயது, அதாவது பத்து, பதினொன்று. அக்காவும் போனாள். நான் போகவில்லை, நான் வீட்டில் பெட்டி ஒட்டினேன். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள், அதனால் பசை லேசாக நீலம் பாய்ந்திருக்கும். ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு, மடிப்பு, ஒரு அழுத்து, தூக்கிப் பின்னால் போடு. குரோசு கணக்கில் காசு, 144 பெட்டி ஒரு குரோசு. பள்ளிக்கூடத்துக்கு நான் நீல விரலோடுதான் போவேன். வகுப்பில் நிறையப் பேருக்கு அப்படித்தான்.

அப்போது பெரியவர்கள் சொல்லும் காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிஞ்சு விரலுக்குத்தான் அந்த வேகம் வரும், பெரிய ஆள் விரலுக்கு வராது என்பார்கள். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, திரி சுற்ற, எல்லாவற்றுக்கும் இதே பதில். பிள்ளையின் உடம்பிலேயே வேலைக்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவது. கூலி குறைவு, எதிர்த்துப் பேசாது என்பதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது தீப்பெட்டியும் பட்டாசும் தடைப் பட்டியலில் இருந்தன. ஆனால் வீட்டோடு, குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு. பெட்டி ஒட்டிய நான் சட்டப்படி வேலையே பார்க்கவில்லை.

ஸ்ட்ரவுட் என்ன செய்துவிட்டார் என்றால், முதலாளிகள் காலங்காலமாகச் சொன்ன அந்தப் பொய்யை அப்படியே எடுத்து, தன் கதைக்குள் உண்மையாக்கிவிட்டார். அங்கே நிஜமாகவே பிள்ளையின் கண்ணுக்குத்தான் தெரியும், நிஜமாகவே பெரியவர் கைக்கு அந்த வேலை ஆகாது. உண்மையாக்கிவிட்டு, சரி, இப்போதாவது அந்தப் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஒழுங்காக நடத்துகிறார்களா பாருங்கள் என்று காட்டுகிறார். நடத்துவதில்லை. ஊரையே காப்பாற்றுகிற பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை, வழக்கில் பேச்சு எடுபடாது, வீடு எரிந்தால் அபராதம் மட்டும் அவர்கள் தலையில். இளம் வாசகர்களுக்கான பேய்க்கதை என்று கடையில் அடுக்கிவைத்திருக்கும் ஒரு புத்தகத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

லண்டனுக்கு இது புதிதும் இல்லை. புகைபோக்கி சுத்தம் செய்யச் சின்னப் பையன்களை ஏற்றிவிட்ட ஊர் அது. குழாய் குறுகல், பையன்தான் நுழைவான், அங்கேயும் உடம்பே காரணம். தடுக்கச் சட்டம் போட்டார்கள், மறுபடி போட்டார்கள், யாரும் மதிக்கவில்லை. 1875-இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற பையன் சிக்கிச் செத்த பிறகுதான் ஒரு வழியாக நின்றது.

அப்புறம் தீக்குச்சி. இதைத் தேடிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிழக்கு லண்டனில் ப்ரயண்ட் அண்ட் மே என்ற தீக்குச்சித் தொழிற்சாலை. எங்கள் ஊர்த் தீப்பெட்டியில் வெள்ளைப் பாஸ்பரஸ் கிடையாது, அங்கே இருந்தது. தாடை எலும்பை அது அரித்துத் தின்றுவிடும். அரித்த எலும்பு இருட்டில் மினுங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 1888 ஜூன் மாதம் ஒரு பெண்மணி அங்கே போய் வேலைசெய்யும் சிறுமிகளிடம் பேசி, அவர்களுக்கு விதிக்கப்படும் அபராதங்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பத்திரிகையில் எழுதினார். கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்னி. விரல் துண்டாகாமல் இழுத்துக்கொண்டபோது இயந்திரத்தில் பட்டை சுற்றிக்கொண்டதற்காக ஒருத்திக்கு ஒரு ஷில்லிங். அடுத்த மாதமே ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அபராதங்கள் ரத்தாயின.

எழுதிய பெண்மணி அன்னி பெசன்ட். ஆமாம், அவரேதான், நாம் கடற்கரைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் பெசன்ட் நகரின் பெசன்ட். அப்போது அவர் சோஷலிஸ்ட். அதற்கு அடுத்த வருஷம்தான் தியாசபி என்ற பிரம்மஞான இயக்கத்தின் பக்கம் திரும்பினார். 1907-இல் தியாசபி சங்கத்துக்குத் தலைவராகி, அடையாறிலேயே 1933-இல் காலமானார்.

அடையாறு என்றதும் இன்னொன்று. ஸ்ட்ரவுட்டின் கதையில் பேய்களுக்கான அரசுத் துறையின் பெயரில் ஆவி ஆராய்ச்சி என்ற சொல் வரும். நிஜத்திலும் லண்டனில் 1882-இல் ஆவி ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் முதல் தலைவர். பேய் உண்டா இல்லையா என்பதைச் சாட்சி, ஆவணம், கையெழுத்து ஒப்பீடு என்று முறையாக ஆராயப் புறப்பட்ட ஆட்கள். அவர்கள் 1884 டிசம்பரில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை நேராக நம்ம அடையாறுக்கே அனுப்பினார்கள். தியாசபி சங்கத்தில் மகாத்மாக்கள் என்று அவர்கள் நம்பிய குருமார்களிடமிருந்து அற்புதமாகக் கடிதம் வந்து விழுகிறதாமே, அது என்னவென்று பார்க்க. அவர் மாதக்கணக்கில் தங்கி, கடிதம் வந்து விழுந்த அறையை ஆராய்ந்து, வேலைக்காரர்களை விசாரித்து, எல்லாம் தியாசபி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் கைவேலை என்று 1885-இல் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையே சரியில்லை என்று நூறு வருஷம் கழித்து ஆவி ஆராய்ச்சிச் சங்கத்தின் பத்திரிகையிலேயே ஒருவர் எழுதினார், அது தனிக்கதை.

நிஜப் பேய் வேட்டைக்காரர்கள் எல்லாரும் வயது வந்த கனவான்கள். 1937-இல் ஹாரி ப்ரைஸ் என்பவர் போர்லி ரெக்டரி என்ற வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்குப் பிடித்து, பேய் பார்க்க ஆள் வேண்டும் என்று டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். 48 பேர் தேறினார்கள். முறைபோட்டு உட்கார்ந்து வெப்பமானியும் கையுமாகக் காத்திருந்தார்கள். 1939-இல் அந்த வீடும் எரிந்துபோனது என்பதைப் படித்தபோது ஷீன் ரோடு வீடு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். ஸ்ட்ரவுட் இதையெல்லாம் படித்துத்தான் இருப்பார். படித்துவிட்டு அந்தக் கனவான்களின் கண்ணைப் பிடுங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

என் மகளுக்கு இந்த வாசிப்பு பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை.

“அம்மா, நீ எல்லாத்தையும் ஆபீஸ் மாதிரியே பாக்குற. அவங்களுக்கு ஸ்கூல் கிடையாது. சொந்த வீடு இருக்கு. யாரும் படு படுன்னு சொல்லமாட்டாங்க. டோனட் சாப்பிட்டுட்டு வாள் சண்டை போடுவாங்க. இதுல என்னம்மா சோகம்?”

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 35, போர்ட்லண்ட் ரோ என்ற அந்த வீட்டை ஸ்ட்ரவுட் எழுதியிருக்கும் அழகைப் பார்த்தால் எனக்கே அங்கே குடிபோகலாம் போலிருக்கிறது. சமையலறை மேஜையில் ஒரு விரிப்பு; அதில்தான் மூன்று பேரும் கணக்கு, வரைபடம், கேலிச் சித்திரம், ஒருத்தரை ஒருத்தர் திட்டுவது எல்லாவற்றையும் கிறுக்கி வைப்பார்கள். பிஸ்கட்டை யார் எத்தனை, எந்த முறையில் எடுக்கவேண்டும் என்பதற்கு விதி உண்டு. மீறினால் சண்டை. மாடியில் ஒரு அறை பூட்டியே கிடக்கும், லாக்வுட் யாரையும் திறக்க விடமாட்டான். ஒரு கண்ணாடி ஜாடிக்குள் ஒரு மண்டையோடு. அது லூசியிடம் மட்டும் பேசும், பேசுவதெல்லாம் நக்கல். ஐந்து புத்தகத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்த மண்டையோடுதான். யாரையும் நல்லவர் என்று நம்பாது, பெரும்பாலும் அது சொன்னதே சரியாக இருக்கும்.

பெரியவர்களின் கண் படாத ஒரு வீடு, தங்கள் உழைப்பில் ஓடும் ஒரு பிழைப்பு. பன்னிரண்டு வயதில் இதைவிடப் பெரிய ஆசை ஏது? என் அக்காகூட, சம்பளம் வாங்கிய முதல் வாரம் மகாராணி நடை நடந்தாள். வேனில் பாட்டும் கும்மாளமுமாகப் போவார்களாம். வீட்டில் தனியாகப் பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமை. இதை மகளிடம் சொன்னபோது அவள் உடனே, “பாத்தியா?” என்றாள். பார்த்தேன். அதனால் அக்கா படித்திருக்க வேண்டிய ஏழாம் வகுப்பு திரும்ப வந்துவிடாது என்றேன். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பிஸ்கட் டப்பாவை எடுத்தோம், விதிப்படி.

இந்தச் சண்டையில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கதைக்குள்ளேயே இருக்கிறான். க்வில் கிப்ஸ். ஃபிட்டிஸ் ஏஜென்சியில் ஒரு குழுவின் தலைவன், மினுக்கி, லாக்வுட்டைக் கண்டாலே ஆகாது. முதல் இரண்டு புத்தகத்தில் வெறும் கோமாளி வில்லன். ஆனால் அவனுக்கு இருபது வயதாகிவிட்டது, பேய் பார்க்கும் கண் போய்விட்டது. தன்னால் பார்க்க முடியாத பேய்களின் முன்னால் தன் குழுவை நிறுத்தவேண்டிய நிலை. பெரியவனாகிவிட்டால் சும்மா சூப்பர்வைசராகி நாற்காலியில் உட்காரலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கிப்ஸுக்கு அது முடியவில்லை. பின்னால் அவன் பழைய எதிரிகளோடு சேர்ந்துகொள்வதும், கண்ணுக்கு ஒரு கருவி கிடைத்து மறுபடி பேயைப் பார்ப்பதும் வரும் இடம், நான் இந்த வரிசையில் இரண்டாம் முறை படித்த ஒரே பகுதி. பதின்மூன்று வயதில் தேவை, இருபது வயதில் தேவையில்லை என்று கழித்துவிடும் ஒரு வேலையில் மிச்சமிருக்கிறவன் என்ன செய்வான் என்பதை இளையோர் கதையில் யார் எழுதுகிறார்கள்?

இந்த மோகத்தில் அடுத்ததாக நாங்கள் எடுத்தது ஜோசப் டெலானியின் ‘தி ஸ்பூக்ஸ் அப்ரன்டிஸ்’, 2004-இல் வந்தது. லண்டன் இல்லை, லங்காஷயர் மாதிரியான பழைய காலத்துக் கிராமப்புறம். ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் டாம் வார்ட். பண்ணை மூத்த அண்ணனுக்கு, மற்றவர்கள் வேறு பிழைப்புத் தேடவேண்டும், அதனால் பேய் விரட்டும் கிழவர் ஒருவரிடம் தொழில் பழக விடுகிறார்கள். இங்கேயும் ஒரு சட்டைப்பையில் உப்பு, இன்னொன்றில் இரும்புத்தூள். முதல் ராத்திரியே சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஒரு பாழடைந்த வீட்டில் தனியாக விட்டு, நள்ளிரவில் நிலவறைக்குள் இறங்கு என்கிறார் கிழவர். அந்த அத்தியாயத்தில் என் மகள் என் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டாள், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

டெலானியின் கதையில் வேலை இன்னும் கரடுமுரடு. ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம் குழி வெட்டவேண்டும். பசையில் உப்பும் இரும்பும் கலந்து உள்ளே பூசவேண்டும். பேய் ஓட்டுவதில் முக்கால்வாசி மண்வெட்டி வேலை. அவனுக்கு முன்னால் அதே கட்டிலில் படுத்த பையன்களின் பெயர்கள் சுவரில் கிறுக்கியிருக்கும், அவர்களில் சிலர் உயிரோடு இல்லை. ஆனால் அந்தக் கிழவர் குழிக்குள் தானும் இறங்குவார். ஸ்ட்ரவுட்டின் உலகத்தில் எந்தப் பெரியவரும் செய்யாதது அது. குருவுக்கும் சூப்பர்வைசருக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது. மகளுக்குக் கிழவரைப் பிடிக்கவில்லை. ஓயாமல் பாலாடைக்கட்டியே தின்னக் கொடுக்கிறாராம்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் கையில் கிடைத்த மொழிபெயர்ப்புத் துப்பறியும் கதைகளில் பேய் என்றாலே கடத்தல்காரன் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வருவதுதான். 1969-இல் ஆரம்பித்த ‘ஸ்கூபி டூ’ கார்ட்டூனிலும் முகமூடியைக் கழற்றினால் உள்ளே யாராவது ஒரு நில வியாபாரி. கழற்றியதும் உலகம் பழையபடி சரியாகிவிடும். அம்புலிமாமாவின் வேதாளம் நிஜ வேதாளம்தான், ஆனால் அதைச் சுமந்தது ராஜா. பிள்ளைகளிடம் நிஜப் பேயையும் கொடுத்து, அதற்கான லைசென்ஸையும் கொடுத்து, கடைசியில் அந்தப் பேய்த் தொல்லையையே ஆரம்பித்துவைத்தவர்கள் யார் என்ற கேள்வியையும் கொடுத்தது இந்தத் தலைமுறைக் கதைகள். யார் என்று சொல்லமாட்டேன். ஐந்தாவது புத்தகத்தில் ஒரு கல்லறையைத் திறப்பார்கள், அங்கே தெரியும்.

நெட்ஃபிளிக்ஸில் இது தொடராகவும் வந்தது, 2023 ஜனவரியில், எட்டு பகுதி. முதல் இரண்டு புத்தகம் வரைக்கும்தான். நன்றாகவே எடுத்திருந்தார்கள், மண்டையோட்டின் நக்கல்கூட வந்திருந்தது. அதே வருஷம் மே மாதம் நிறுத்திவிட்டார்கள். பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்ற இடத்திலேயே அந்தரத்தில் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்குத் தொடரை முதலில் காட்டாதீர்கள், கிடந்து துடிப்பார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: வரிசை மாற்றிப் படித்தால் ஒன்றும் விளங்காது, முதலிலிருந்தே தொடங்குங்கள். பத்து வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். புத்தகத்தின் பின்னால் பேய் வகைகளுக்கு ஒரு அகராதி உண்டு, அதை முதலில் படிக்கும் பிள்ளைகள் ஒரு ரகம். மூன்றாவது புத்தகம், ‘தி ஹாலோ பாய்’, கொஞ்சம் ஜாஸ்தி. லண்டனின் செல்சியில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் கட்டியது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். மிச்சத்தை நீங்கள் படித்துக்கொள்ளலாம்.